சும்மா இருக்கும்போதுதான் விழுகிறது

போன நவம்பரில் ஒரு ராத்திரி, பதினொன்றரை மணி இருக்கும், பிரவுசரில் எதையோ திறந்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தேன், வேறு எதுவும் ஓடவில்லை. திடீரென்று திரை கறுத்துப்போய் கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆனது. கரண்ட் போய் வந்ததோ என்று அண்ணாந்து பார்த்தால் மேலே ஃபேன் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் முழுநாளும் உட்கார்ந்து என் ரைசன் 7 5800எக்ஸ் பிராசசரை ஓவர்க்ளாக் செய்திருந்தேன், அதாவது கம்பெனி வைத்த வேகத்தைவிடக் கூட்டியிருந்தேன். பிராசசரை முழுச் சுமையில் சோதிக்கும் சினிபெஞ்ச் அரை மணி, ஓசிசிடி ஒரு மணி, அப்புறம் பிளெண்டரில் ஒரு நீளமான 3டி ரெண்டர், எதிலும் அசையவில்லை. பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் எட்டு கோரும் முழு வேகத்தில் ஓடும்போது தாக்குப்பிடித்து நின்ற மெஷின், வேலையே இல்லாத நேரத்தில் விழுந்தது.

நான் செய்திருந்தது இவ்வளவுதான்: பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டு செட்டிங்) பிராசசர் தன் வரம்பைத் தாண்ட விடும் பிபிஓவை ஆன் செய்து, ஒவ்வொரு கோரின் வோல்டேஜையும் மாற்றும் கர்வ் ஆப்டிமைசரில் எல்லா கோருக்கும் மைனஸ் 30 போட்டேன், அதற்குக் கீழே அது இறங்காது. ஒரு படிக்குச் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட் குறையும். வோல்டேஜ் குறைந்தால் சூடு குறையும், அந்த இடைவெளியில் பிராசசர் தானாகவே கொஞ்சம் கூடுதல் வேகம் எடுத்துக்கொள்ளும். வேகத்தைத் தீர்மானிக்கும் மல்டிப்ளையரையும் வோல்டேஜையும் சேர்த்து ஏற்றுகிற பழைய வழியைவிட இதுதான் மேல் என்று இப்போதும் சொல்வேன். கணக்குப் போட்டுப் பாருங்கள், 4.6 கிகாஹெர்ட்ஸை 4.7 ஆக்க 1.25 வோல்ட்டை 1.35 ஆக்கவேண்டி வந்தால், கூடுகிற வேகம் 2 சதவீதம்தான், ஆனால் சூடு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறுவதால் அது 19 சதவீதம் வரை கூடிவிடும். இந்தப் பிராசசருக்கு உச்ச வரம்பு 90 டிகிரி. எவ்வளவு நல்ல ஏர் கூலர் போட்டாலும் அறைக்காற்றுக்குக் கீழே குளிரவைக்க முடியாது, மதுரையில் மே மாதம் என் அறையே 36 டிகிரி, அதனால் டிசம்பரில் 74 காட்டியது மே மாதம் 84 காட்டும்.

சரி, ரீஸ்டார்ட்டுக்கு வருகிறேன். காரணத்தை விண்டோஸே எழுதிவைத்திருந்தது. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதிக்குப் போனால் அந்த நேரத்துக்கு நேராக ஒரு வரி: ஹார்ட்வேர் பிழைகளைக் குறிக்கும் வீயா லாகர், ஈவென்ட் ஐடி 18, கேஷ் ஹையரார்க்கி எரர், பிராசசர் ஏபிக் ஐடி 4. ஏபிக் ஐடி என்பது த்ரெட்டின் எண், கோருக்கு இரண்டு த்ரெட் என்பதால் அந்த எண்ணைப் பாதியாக்கினால் கோர் எண், பூஜ்யத்திலிருந்து எண்ணவேண்டும். கோர் 2. ஏஎம்டியின் ரைசன் மாஸ்டர் புரோகிராமைத் திறந்தேன், இருப்பதிலேயே நல்ல கோர் என்று நட்சத்திரம் போட்டிருந்ததும் அதே கோருக்குத்தான்.

எட்டு கோரும் சேர்ந்து ஓடும்போது பவர் வரம்பு எல்லாவற்றையும் கீழே பிடித்துவைக்கும், எந்தக் கோரும் உச்சத்துக்குப் போகாது. லேசான வேலை வரும்போதுதான் நல்ல கோர் ஒன்று மட்டும் 4.7ஐத் தாண்டித் துள்ளும், இறங்கும், மறுபடி துள்ளும். அந்த உச்சியில் பத்து மில்லிவோல்ட் பற்றாவிட்டாலும் போதும், விழுந்துவிடும். இன்னொன்று, நல்ல கோருக்கு ஆரம்பத்திலேயே வோல்டேஜ் குறைவாகத்தான் ஒதுக்கப்பட்டிருக்கும், நாம் மேலும் குறைக்க அதில்தான் இடம் இருக்காது. எல்லா கோருக்கும் ஒரே எண்ணைப் போட்டதுதான் நான் செய்த தவறு.

அப்புறம் கோர்சைக்ளர் போட்டேன். பிரைம்95 என்ற கணக்குச் சோதனையை ஒவ்வொரு கோரிலும் தனித்தனியாக மாற்றி மாற்றி ஓட்டும் ஸ்கிரிப்ட் அது. அதில் கனமான கணக்கு முறையான ஏவிஎக்ஸ் வேண்டாம், லேசான எஸ்எஸ்இயில் ஓட்டுங்கள், சூடு குறைவாக இருப்பதால் கோர் உச்ச வேகத்தைத் தொடும், நமக்கு வேண்டியது அதுதான். நாலாவது நிமிஷத்தில் கோர் 2 தப்பான விடை சொன்னது. ரீஸ்டார்ட்டைவிட எனக்கு இதுதான் பயம். அந்த வாரம் ஒரு ஜிப் ஃபைல் சிஆர்சி எரர் (உள்ளே இருப்பது சரியில்லை என்ற பிழை) காட்டி விரியவே இல்லை, டவுன்லோடு சரியில்லை என்று நினைத்து விட்டுவிட்டேன். கணக்கைத் தப்பாகப் போடுகிற பிராசசர் சத்தமில்லாமல் ஃபைலைக் கெடுக்கும், பேக்கப் எடுத்தால் கெட்ட ஃபைலைத்தான் பேக்கப் எடுக்கும். அதனால் சோதனை முடியும்வரை முக்கியமான எதையும் அந்த மெஷினில் தொடாதீர்கள்.

செய்யப்போகிறவர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் பிராசசரைத் தொடாமல் ரேமை அதன் அறிவித்த வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை மட்டும் போட்டு ஒரு ராத்திரி ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓட்டுங்கள், ரேம் பிழையைப் பிராசசர் பிழை என்று நினைத்து வாரக்கணக்கில் அலைவது மிச்சமாகும். அப்புறம் பவர் வரம்பு. பிபிஓவை ஆட்டோவில் விட்டால் சில மதர்போர்டுகள் வரம்பையே தூக்கிவிடும். இதன் இயல்பான பிபிடி, அதாவது பிராசசர் இழுக்கலாம் என்ற பவர் வரம்பு, 142 வாட், நான் 120ல் வைத்திருக்கிறேன், ரெண்டர் நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அதற்குப் பிறகுதான் கர்வ், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், நல்ல இரண்டு கோருக்கும் தனி எண். பயாஸ் செட்டிங்கைப் பழையபடி ஆக்கும் சிமாஸ் ஜம்பர் போர்டில் எங்கே இருக்கிறது என்று தொடங்கும் முன்பே பார்த்துவையுங்கள், திரையே வராத நேரத்தில் டார்ச் அடித்துத் தேடவேண்டாம்.

இப்போது என்னுடையதில் கோர் 2க்கு மைனஸ் 6, கோர் 5க்கு மைனஸ் 10, மற்றவைக்கு மைனஸ் 20. மூன்று மாதமாக ஈவென்ட் 18 வரவில்லை, சரிசெய்யப்பட்ட பிழையைக் காட்டும் 19ம் வரவில்லை. இன்னும் ஒரு வெயில் காலத்தை இந்த எண்கள் பார்க்கவில்லை, மே முதல் வாரம் ஏசி போடாமல் இரண்டு ராத்திரி மறுபடி கோர்சைக்ளர் ஓட்டப்போகிறேன்.