வாத்தியாருக்கும் லைப்ரரிக்கும் நடுவில் ஒரு வேலை

ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கு வந்த புதிதில் ஊரிலிருந்து யார் பேசினாலும் ஒரே கேள்விதான். "ஏங்கண்ணு, அங்க வாத்தியார் வேலையா, லைப்ரரி வேலையா, கம்ப்யூட்டர் வேலையா?" பல்கலைக்கழகத்தில் ஆன்லைன் பாடமும் மின்னூலும் மாணவர்களுக்கு ஒழுங்காகப் போய்ச் சேரப் பார்த்துக்கொள்ளும் வேலை, மூன்றுக்கும் நடுவில் என்று சொன்னால் பெருந்துறைச் சித்தப்பாவுக்குத் திருப்தி வராது. அவர் சொந்தபந்தத்திடம் "ஐடில இருக்கான்" என்று சொல்லி முடித்துவிட்டார்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகத்தை நிர்வகிக்கும் கோஹா, ஆன்லைனில் பாடமும் தேர்வும் நடத்தும் மூடில் என்ற இரண்டு மென்பொருளையும் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். சர்வர் படுத்தால் எழுப்புவது, புத்தகத்துக்கு பார்கோடு ஒட்டுவது, இரண்டும் என் தலையில்தான். காசு கொடுத்து வாங்க வழியில்லாமல் நம்மூர்க் கல்லூரிகள் பிடித்துக்கொண்ட இலவச மென்பொருளை இங்கே யார் மதிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் கோஹா பக்கத்து நியூசிலாந்தில் சின்ன ஊர் நூலகங்களுக்காக எழுதி 2000 ஆரம்பத்தில் ஓடவிட்டது, மூடிலோ இதே பெர்த்தில் மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கி 2002இல் வெளியிட்டது. நேர்காணலில் பாதி நேரம் அதைப் பற்றியே பேசினோம்.

விண்ணப்பம்தான் நாக்குத் தள்ள வைத்தது. ரெஸ்யூமே போதாது, கேட்கும் ஒவ்வொரு தகுதிக்கும் ஒரு சம்பவம் எழுத வேண்டும்: என்ன சிக்கல், நீ என்ன செய்தாய், கடைசியில் என்ன ஆனது. மூடில் தெரியும் என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, மவுஸைத் தொடமாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு மூத்த பேராசிரியரை ஆன்லைனில் தேர்வு வைக்கப் பழக்கிய கதைதான் எடுபட்டது.

பிப்ரவரி கடைசியில், நல்ல வெயிலில் செமஸ்டர் ஆரம்பம். அப்போது வருவதெல்லாம் இந்த மாதிரிதான்: ஒரு விரிவுரையாளர் புத்தகத்தைக் கோணலாக ஸ்கேன் செய்து பாடப்பக்கத்தில் போட்டுவிடுவார், வெறும் படம் அது. பார்வையில்லாத மாணவிக்குத் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் அதில் ஒரு எழுத்தைக்கூடப் படிக்காது. அதை எழுத்தாக மாற்றி, தலைப்புகளை அடையாளம் வைத்து, அப்புறம் நூலகத்தில் பதிப்புரிமை பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கே கல்வி உரிமத்தில் பொதுவாக ஒரு அத்தியாயம் அல்லது பத்து சதவீதம்தான் நகலெடுக்கலாம். முழுப் புத்தகத்தையும் ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டு வாங்கிப் படித்த ஆள் போய்ப் பேராசிரியரிடம் இதைச் சொல்ல வேண்டும்! மின்னூலிலும் இப்படித்தான், ஒரே சமயத்தில் மூன்று பேர் என்று உரிமம் வாங்கியிருந்தால், பரீட்சைக்கு முந்தின ராத்திரி நான்காவது ஆள் வெளியே நிற்க வேண்டியதுதான். அந்தப் புகாரும் என்னிடம்தான் வரும்.

சம்பளம் ஒளிவுமறைவில்லை, பல்கலைக்கழக ஊழியர்களுக்கு ஹெச்ஈடபிள்யூ என்று 1 முதல் 10 வரை சம்பளப் படிநிலை, விளம்பரத்திலேயே போட்டுவிடுவார்கள். சங்கடம் ஒப்பந்தத்தில். புராஜெக்ட்டுக்குப் பணம் இருக்கும்வரைதான் பல வேலைகள். "பர்மனென்ட் இல்லீங்களா?" என்று பெண் வீட்டார் கேட்டதற்கு அப்பா என்ன சொல்லிச் சமாளித்தார் என்று எனக்கு இன்னும் சொல்லவில்லை.

கோபியில் எம்எல்ஐஎஸ்சி என்ற நூலக அறிவியல் பட்டப்படிப்பு முடித்த மாமா பையன் ஜாவா கோர்ஸ் சேரட்டுமா என்று கேட்டான். அது இருக்கட்டும் மாப்ள, முதலில் உன் கல்லூரி நூலகத்தில் கோஹாவை நீயே நிறுவி, யார் யார் என்னென்ன கேட்டு உன்னைப் பாடாய்ப் படுத்தினார்கள் என்று தேதி போட்டு எழுதி வை, விண்ணப்பத்தில் அதைத்தான் கேட்பார்கள் என்றேன்.