ஏர் ரைஃபிளுக்குப் பர்மா தேக்கில் பிடி: மூன்றாவது முயற்சி

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை 60 ஷாட்டுகளையும் சுட்டு முடித்து ஏர் ரைஃபிளை, அதாவது காற்றழுத்தத் துப்பாக்கியை, தாங்கியில் வைத்தபோது, என் வலது மணிக்கட்டில் வலி இல்லை. இரண்டு ஆண்டுகளாக, ஏறத்தாழ நாற்பதாவது ஷாட்டில் கட்டைவிரலின் அடியில் தொடங்கி முன்கைவரை ஏறிவிடும் அந்த இழுப்பு, இந்த முறை கடைசிவரை வரவேயில்லை. நானே செதுக்கிவரும் தேக்குப் பிடியின் வேலை இன்னும் முடியவில்லை. எண்ணெய் ஏற்றவில்லை, இடப்பக்கத்தில் உப்புத்தாள்கூடப் படவில்லை. ஆனாலும் இந்த மகிழ்ச்சியை ஆறவிடாமல் எழுதி வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

தேவகோட்டையில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டின் வடக்குப் பத்திதான், அதாவது முற்றத்தை ஒட்டிய நீண்ட நடைதான், என் 10 மீட்டர் தளம். நிற்கும் கோட்டிலிருந்து இலக்கு அட்டைவரை டேப் பிடித்து அளந்தால் 10 மீட்டர் போக இருபுறமும் இடம் மிஞ்சும். தரையிலுள்ள ஆத்தங்குடிக் கற்களின் கோடுகளே என் கால்களுக்கு அடையாளம். இடது பாதத்தின் விளிம்பு எந்தப் பூவின் இதழைத் தொட வேண்டும் என்பதுவரை பழகிவிட்டது. ரைஃபிள், மற்றொருவரிடமிருந்து வாங்கிய, அலுமினியக் கட்டை (குழலைத் தாங்கும் உடல்) கொண்ட மேட்ச் ரகம், அதாவது போட்டிக்கென்று செய்தது. அதன் பிடியை ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றி மாற்றிவிடலாம் என்பதால்தான் இந்த ஒப்பீடே சாத்தியமாயிற்று. வெவ்வேறு துப்பாக்கிகளில் வெவ்வேறு பிடிகளைப் பிடித்துப் பார்த்து எது வசதி என்று தீர்ப்புச் சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. எடையும் டிரிகரும் சமநிலையும் மாறிவிட்ட பிறகு, கைக்குத் தெரிந்த வேறுபாடு பிடியினால் வந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல இயலாது. ஆகவே மலிவான மாங்கட்டையில் ஒவ்வொரு பாணிக்கும் ஒரு மாதிரி செய்து, எல்லாவற்றையும் அதே போல்ட்டில் பூட்டி, ஒவ்வொன்றிலும் ஐந்து நாள், நாளுக்கு 60 ஷாட், 75 நிமிடத்துக்குள் என்று சுட்டேன்.

முதலில் சோதித்தது, சாதாரண ஏர் ரைஃபிள்களின் மரக்கட்டையில் இருக்கும் சாய்ந்த அரைப் பிடி. நான் செய்த மாதிரி குழலுக்கு ஏறத்தாழ 45 டிகிரி சாய்வு. நாற்காலியில் உட்கார்ந்து பிடித்துப் பார்த்தால் இதைவிட இதமான பிடி இல்லை என்றே தோன்றும். நின்று, சுடுவதற்கென்று உள்ள தடித்த ஜாக்கெட் அணிந்து, வலது முழங்கையைத் தளர்த்தி இறக்கிய நிலையில்தான் குறை தெரிகிறது: முன்கை கீழிருந்து மேலேறி வருகிறது, பிடியோ உள்ளங்கையைக் கிடையாகத் திருப்பச் சொல்கிறது, இரண்டுக்கும் நடுவில் மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாக மடங்கி நிற்கிறது. அந்த இழுப்பைக் கொண்டுவருவதில் இந்த மடிப்புக்கும் பங்கு உண்டு. எங்கள் ஐயா வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கியில் பிடியே கிடையாது. கட்டை நேராக ஓடும். சிறுவனாக இருந்தபோது அது எனக்கு வியப்பாக இருந்தது. முழங்கையை உயர்த்திச் சுடும் முறைக்கும், இரண்டு டிரிகர்களுக்கிடையே கை முன்னும் பின்னும் வழுக்கிச் செல்வதற்கும் அந்த நேர்க்கட்டை பொருத்தமானது என்று இப்போது விளங்குகிறது. எங்கள் நிலையில் முழங்கை உயர்வதில்லை, டிரிகரும் ஒன்றே.

இரண்டாவது, கட்டைவிரலுக்குத் துளை விட்ட பாணி. வசதியை மட்டும் கேட்டால் இதற்கே முதல் மதிப்பெண் கொடுத்திருப்பேன். கட்டைவிரல் தானாக ஓரிடத்தில் சென்று அமர்கிறது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் கையை எடுத்து மீண்டும் வைக்கும்போது அதே இடத்தில் வைத்தோமா என்ற ஐயமே எழுவதில்லை. ஆனால் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியின் சர்வதேச விதிகள் கட்டைவிரல் துளையையும் கட்டைவிரல் தாங்கியையும் அனுமதிப்பதில்லை. கை வழுக்காமலிருக்கப் பிடியின் முன்னாலோ பக்கத்திலோ நீட்டிக்கொண்டிருக்கும் தாங்கலும் கூடாது. வீட்டுத் தோட்டத்தில் டப்பா சுடுகிறவர்கள் தயங்காமல் இதையே தேர்ந்தெடுக்கலாம். போட்டிக்குப் போக நினைப்பவர் இதில் பழகினால் பின்னால் எல்லாவற்றையும் மறக்க வேண்டிவரும்.

மூன்றாவது, ரைஃபிளோடு வந்த, ஏறத்தாழ செங்குத்தாக நிற்கும் மேட்ச் பிடி. மணிக்கட்டின் கோணத்தை இது உடனே சரிசெய்துவிட்டது. முன்பு இருந்தவர் அதன்மேல் கிரிக்கெட் மட்டைக்குச் சுற்றும் ரப்பரைச் சுற்றியிருந்தார். கைக்கு அது மிக இதமாக இருந்தாலும், பிடிமானத்தைக் கூட்டும் பொருளைப் பிடியின்மேல் சேர்ப்பதும் விதிக்குப் புறம்பானது என்பதால் உரித்து எடுத்துவிட்டேன். உரித்த பிறகுதான் உண்மையான சிக்கல் வெளிப்பட்டது: அந்தப் பிடி என்னைவிடப் பெரிய கைக்காரருக்கு உரியது.

எல்லாவற்றையும்விட அதிக நேரத்தை விழுங்கியது இந்த அளவுதான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள குழி பிடியின் பின்புறத்தில் எங்கே அமர்கிறதோ அங்கிருந்து டிரிகர் தகடுவரை உள்ள தூரத்தைச் சொல்கிறேன். ஆள்காட்டி விரலின் நடு மூட்டு செங்கோணத்தில் மடங்க, நுனிச் சதையின் நடுப்பகுதி தகட்டில் படிய வேண்டும். அப்போதுதான் விரல் நேர் பின்னோக்கி நகரும். என் கைக்கு இந்தத் தூரம் 71 மில்லிமீட்டர். பழைய பிடியில் வெர்னியர் வைத்து அளந்தபோது 82 வந்தது. டிரிகரைப் பின்னால் தள்ளினால் போதுமே என்று இத்துறையில் உள்ளவர்கள் உடனே கேட்பார்கள். தள்ளினேன்; டிரிகர் நகரும் தண்டவாளம் முடியும்வரை தள்ளியும் 78க்குக் கீழே இறங்கவில்லை. மீதியிருந்த அந்த 7 மில்லிமீட்டருக்காக விரல் நீண்டு, நுனி மட்டும் தகட்டைத் தொட, விரலின் அடிப்பகுதி பிடியின் பக்கவாட்டில் உரசியது. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அந்த உரசல் ரைஃபிளை இம்மியளவு தள்ளும். நடுப்புள்ளியின் விட்டமே அரை மில்லிமீட்டர்தான் என்னும் விளையாட்டில் இம்மி என்பது சிறிய அளவல்ல. என் அட்டைகளில் பத்தைத் தவறவிட்ட ஒன்பதுகள் எல்லாம் ஒரே பக்கம், மூன்று மணித் திசையில் (வலப்புறத்தில்), குவிந்து கிடந்ததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

பழைய பிடியின் பின்புறத்தை அராவிக் குறைக்கலாம் என்றால், உள்ளே போல்ட் துளை மிக அருகில் ஓடுகிறது. ஆகவே துளையையே முன்னால் நகர்த்திப் புதிய பிடி செய்வது தவிர வேறு வழியிருக்கவில்லை.

மரத்துக்காகக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனேன். இடிக்கப்பட்ட வீடுகளின் பர்மா தேக்கு அங்கே சட்டமாகவும் துண்டாகவும் கிடைக்கும். கதவுநிலையின் அடிப்பாகத்தைவிட உத்தரத்தின் நடுப்பகுதியைக் கேட்டு வாங்குவது நல்லது. அடிப்பாகத்தில் ஆணித் துளைகளும், கழுவிய தண்ணீர் ஏறிய கறுப்பும் இருக்கும். பிடிக்குத் தேவைப்படுவது ஒரு செங்கல்லைவிடச் சிறிய துண்டுதான் என்பதால், பெரிய வேலையில் மிஞ்சியதைத் தரச் சொன்னால் கடைக்காரர்கள் முகம் சுளிக்காமல் தருகிறார்கள். மேட்ச் ரைஃபிள் பிடிகளுக்கு வழக்கமான வால்நட்டைத் தேடி நாம் அலைய வேண்டியதில்லை. தேக்கின் அடர்த்தியும் வால்நட்டின் அடர்த்தியும் ஏறத்தாழ ஒன்றே: கனமீட்டருக்கு 650 கிலோ அளவில் நிற்பவை.

முதல் தேக்குப் பிடி, போல்ட்டை முறுக்கியவுடன் பிளந்தது. நார் பிடியின் நீளவாக்கில் ஓடும்படி கட்டையை அறுக்காமல், துண்டு வீணாகக் கூடாதென்று குறுக்காக அறுத்திருந்தேன். இரண்டாவதில் நாரைச் சரியாக வைத்தேன். ஆனால் விரலிடைக் குழியில் ஒரே மாலையில் 2 மில்லிமீட்டர் அதிகமாக அராவிவிட்டேன். தேக்குத் தூளை எப்பாக்ஸியில் குழைத்து நிரப்பினேன். மூன்றாம் நாள் அந்தப் பூச்சு அப்படியே தோலாகக் கழன்று வந்தது. தேக்கில் ஊறியிருக்கும் எண்ணெயை ஒட்டுவதற்குச் சற்று முன்னர் அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்து எடுக்க வேண்டும். நான் துடைத்தது முந்தைய நாள். அதற்குள் எண்ணெய் மீண்டும் மேலே வந்துவிட்டிருந்தது. எனக்கு உளி தீட்டக் கற்றுக்கொடுத்த ஆசாரி இரண்டாவது பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது முத்தின கட்டை. அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்க உளியைத் தீட்டலைன்னா நாரைப் பிய்ச்சுக்கிட்டுத்தான் வரும்" என்றார். தேக்கிலுள்ள மணற்சத்து கூர்முனையை அவ்வளவு விரைவாக மழுக்கிவிடுகிறது.

மூன்றாவது பிடியில்தான் கண்மை வழி கைகொடுத்தது. கண்மையில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்து, உள்ளங்கை முழுவதும் மிக மெல்லிய படலமாகத் தேய்த்துக்கொண்டு பிடியைப் பிடித்துவிட்டு எடுத்தால், மரத்தில் மேடாக இருக்கும் இடங்களில் மட்டும் கறுப்பு ஒட்டும். அந்தக் கறுப்பை மட்டும் மர அரத்தால் ஆறே இழுப்பு இழுத்து, துணியால் துடைத்து, மறுபடியும் மை பூசிப் பிடிக்க வேண்டும். முதல் நாள் இதை மேசையருகே உட்கார்ந்தபடி செய்தேன். மாலைக்குள் உள்ளங்கை முழுவதும் சீராகப் படிந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். மறுநாள் ஜாக்கெட்டும் கையுறையும் அணிந்து, கற்கோட்டில் காலை வைத்து, கன்னத்தைக் கட்டையில் சாய்த்து, பெல்லட் (ஈயக் குண்டு) போடாமல் ஒருமுறை டிரிகரை அழுத்திவிட்டுக் கையை எடுத்துப் பார்த்தபோது, முந்தைய நாளின் சீரான கறுப்பு எங்குமே இல்லை. சுண்டுவிரலுக்குக் கீழுள்ள உள்ளங்கை மேட்டில் ஒரு பட்டாணி அளவும், நடுவிரலின் அடியில் ஒரு கோடும் மட்டுமே இருந்தன. ஜாக்கெட்டின் தடித்த கை முழங்கையைச் சற்று வெளியே தள்ள, உள்ளங்கையே வேறு கோணத்தில் பிடியைச் சந்திக்கிறது. கடைப் பிடிகளைக் கடையில் நின்று பிடித்துப் பார்த்து வாங்கிய அனைவருக்கும் இதைச் சொல்ல விரும்புகிறேன்: அங்கே கைக்குக் கிடைத்த இதத்துக்கும் நாற்பதாவது ஷாட்டில் கிடைக்கும் இதத்துக்கும் தொடர்பு மிகக் குறைவு.

அதன் பிறகு ஒவ்வொரு மைப்பதிவையும் முழு நிலையில் நின்றே எடுத்தேன். பதினேழு நாட்கள், காலையில் நான்கு பதிவு, மாலையில் நான்கு பதிவு. வளவில் கால் வைத்தால் தேக்குத் தூள் ஒட்டுகிறது என்று ஆத்தா வருந்தியதால், பாய் விரித்து வேலை செய்து பாயோடு சுருட்டி வெளியே தட்டினேன். விரல்களுக்குத் தனித்தனிப் பள்ளம் வெட்டவில்லை. பள்ளத்தின் வரம்பு என் விரலின் எலும்பில் ஏறி நிற்குமானால் பள்ளமே இல்லாத பிடி மேலானது. முன்புறத்தை வழவழப்பாக விட்டு, நடுவிரல் அமரும் இடத்தை மட்டும் சற்றுத் தட்டையாக்கினேன். கட்டைவிரலை இடப்பக்கம் வளைத்துப் பிடிக்காமல் வலப்பக்கத்திலேயே மேல்நோக்கி வைக்கிறேன். வளைத்தால் அறியாமலே பிதுக்குகிறேன் என்பதைக் கட்டைவிரல் மேட்டில் திரும்பத் திரும்ப ஒட்டிய கறுப்பு காட்டிக்கொடுத்தது. துளையை 4 மில்லிமீட்டர் முன்னே வைத்ததாலும் பின்சுவரை மெலிதாக்கியதாலும் தூரம் இப்போது சரியாக 71.

ஐந்து நாட்களின் சராசரி, 600க்கு: சாய்ந்த பிடியில் 548, கட்டைவிரல் துளைப் பிடியில் 561, கூடவே வந்த செங்குத்துப் பிடியில் 559, புதிய தேக்கில் 570. மதிப்பெண்ணைவிட எனக்கு நிறைவு தந்தது அட்டைதான்: மூன்று மணித் திசைக் குவியல் கலைந்து, ஒன்பதுகள் எல்லாப் பக்கமும் சிதறியிருக்கின்றன. இனி அவை என் ஆட்டத்தின் பிழைகள். பிடியின் பிழைகள் அல்ல.

அடுத்த கட்டை என் மகளுக்கு. அவளுடைய கைக்கு அந்தத் தூரம் 63 மில்லிமீட்டர்தான் வருகிறது. என் பிடியில் அவள் சுடுவதைப் பார்க்கவே மனம் பொறுக்கவில்லை. முன்பு 40 ஷாட்டாக இருந்த பெண்கள் போட்டி 2018 முதல் ஆண்களைப் போலவே 60 ஷாட் என்று ஆகிவிட்டதால், கடைசி இருபதில் வரும் களைப்பை அவளும் தாங்கியாக வேண்டும். அவளுக்கு நூக்கில் (ஈட்டி மரத்தில்) செய்து பார்க்க எனக்கு ஆசை. தேக்கைவிடக் கனமான அந்த மரம் ரைஃபிளின் பின்பாரத்தைக் கூட்டும், மொத்தமோ 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. முதலில் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். மானாமதுரைப் பக்கம் ஒருவரிடம் பழைய நூக்கு மேசைக் கால்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

அதற்குமுன் இதை முடிக்க வேண்டும். நேற்று மாலை எடுத்த பதிவில் உள்ளங்கை மேடும் மூன்று விரல்களும் மங்கலாக, சீராகப் படிந்திருந்தன; கட்டைவிரலின் வேரில் மட்டும் ஒரு மிளகு அளவுக் கறுப்பு. அங்கே அரம் வேண்டாம், 120 உப்புத்தாளே போதும். அது போன பிறகு 220, அதன்பின் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய், நாளுக்கு ஒரு பூச்சு.