லாங்டாங்கில் தங்கும் இரவு

இமயமலைக்கு மலையேற்றக் குழுக்களை அழைத்துச் செல்வது என் தொழில். நேபாளத்தின் லாங்டாங் பாதைக்குக் குழு சேரும்போதெல்லாம், லாமா ஹோட்டல் என்ற இடத்திலிருந்து ஒரே நாளில் பாதையின் மேல்முனையிலுள்ள கியான்ஜின் கோம்பா என்ற ஊரை எட்டி ஒரு நாளை மிச்சப்படுத்தலாமே என்று யாராவது கேட்பார்கள். நான் இசைவதில்லை. உயரத்தால் வரும் நோயைத் தவிர்க்க, 3,000 மீட்டருக்கு மேல் இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்டுவதே பாதுகாப்பானது. 2,500 மீட்டரை ஒட்டிய இடத்திலிருந்து 3,800 மீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் ஏறுவது வம்பை விலைக்கு வாங்குவதாகும். ஆனால் இடையிலுள்ள லாங்டாங் கிராமத்தில் தங்கியே ஆகவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது உயரத்துக்காக மட்டுமன்று.

2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில், மேலிருந்து பெயர்ந்து விழுந்த பனியும் பாறையும் அந்தக் கிராமத்தை மூடிவிட்டன. ஊராரும் மலையேற வந்தவர்களுமாக முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சரிவு கிளப்பிய காற்றின் வேகத்தில் ஆற்றின் மறுகரையில் இருந்த காடே சாய்ந்தது. செங்குத்துப் பாறையின் அடியில் ஒட்டியிருந்த ஒரு வீடு மட்டும் தப்பியது. பிழைத்தவர்கள் சற்று மேலே புதிய ஊரைக் கட்டியெழுப்பியிருக்கிறார்கள்.

இன்றைய பாதை அந்தச் சாம்பல் நிறச் சரளைக் குவியலின் மேலேயே செல்கிறது. அங்கே நுழையுமுன் குழுவை நிறுத்தி, இடைவெளி விட்டு நடக்கவும், பாட்டை நிறுத்தவும், இறந்தோரின் பெயர்கள் பொறித்த நினைவுச் சுவரை வலப்புறமாக வைத்துக் கடக்கவும் சொல்வேன். அந்தக் கற்களின்மேல் ஏறி நின்று படம் எடுப்பதை நான் அனுமதிப்பதே இல்லை. அது இன்னும் பலருக்குக் கல்லறை. மழைக்காலம் முடிந்தபின் புதிய மண்சரிவுகளால் பாதை சில இடங்களில் மாறியிருக்கும் என்பதால், உள்ளூர் வழிகாட்டியிடம் முன்கூட்டியே கேட்டறிவதும் என் வேலைதான்.

விடுதியில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்ததும், அன்று என்ன நடந்தது என்று கேட்கப் பலருக்கும் நாக்கு துறுதுறுக்கும். விடுதியை நடத்தும் அக்கா தாமாகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகக் கிளறாதீர்கள் என்று முன்பே சொல்லிவிடுவேன். சில மாலைகளில் அவர் மாவைப் பிசைந்தபடியே பேசுவார். சில மாலைகளில் தேநீரை ஊற்றிவிட்டு உள்ளே போய்விடுவார். இரண்டையும் ஏற்கத் தெரிய வேண்டும்.

அறை வாடகை அங்கே சொற்பம், வருமானம் சாப்பாட்டில்தான். ஆகவே சென்னையிலிருந்து கட்டிவரும் உணவுப் பொட்டலங்களைப் பையிலேயே வைத்துவிட்டு, இரவுச் சாப்பாட்டையும் காலை உணவையும் அந்தச் சமையலறையிலேயே வாங்கி உண்ண வேண்டும் என்பதைப் பயணத்துக்கு முன் அனுப்பும் குறிப்பில் முதல் வரியாக எழுதிவிடுகிறேன்.