‘ஜொனோ கொணோ மொனோ’ என்று பாடும் பிள்ளையைத் திருத்தலாமா?

ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள பள்ளிகளில் காலை வழிபாட்டுக் கூட்டம் நடத்துகிறவர்களுக்கு இந்த ஒலி பழக்கமானது. தமிழ், தெலுங்கு, கன்னடப் பிள்ளைகள் ‘ஜன கண மன’ என்று பாடும்போது, வரிசையில் நிற்கும் ஒடியாப் பிள்ளை ‘ஜொனோ கொணோ மொனோ’ என்று பாடும். உடனே திருத்தத் தோன்றும். திருத்த வேண்டாம். நாட்டுப்பண் வடசொல் மிகுந்த வங்க மொழியில் எழுதப்பட்டது. அகரத்தை ஒகரம் போல ஒலிப்பது வங்கத்துக்கும் ஒடியாவுக்கும் இயல்பு. தாகூரின் உச்சரிப்புக்கு அந்தப் பிள்ளைதான் பக்கத்தில் நிற்கிறது, நாம் தள்ளி நிற்கிறோம்.

உண்மையில் கூடுதல் பயிற்சி தேவைப்படுவது தமிழ்ப் பிள்ளைகளுக்கு. வரிகளைத் தமிழில் கரும்பலகையில் எழுதிவிட்டு வாசிக்கச் சொன்னால் ‘பாரத பாக்ய’ என்பதைப் ‘பாட்டு’, ‘பாக்கு’ என்பதில் வரும் பகரத்தோடுதான் வாசிப்பார்கள். நம் எழுத்தில் ‘pa’, ‘bha’ வேறுபாடு கிடையாது, பிள்ளைகள் மேல் தப்பில்லை. அதனால் முதல் சில நாள் காதால் கேட்டுப் பாட வைத்து, பிறகுதான் எழுத்தைக் காட்ட வேண்டும். வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் மூன்று. முதல் அடியின் ‘மன அதிநாயக’வும் பின்னால் வரும் ‘மங்கள தாயக’வும் இடம் மாறிவிடும். ‘மாகே’ என்பது ‘மாங்கே’ ஆகிவிடும். கடைசியில் தொடர்ந்து வரும் நான்கு ‘ஜய’ மூன்றாகவோ ஐந்தாகவோ ஆகிவிடும்.

சுருதிதான் பெரிய தொல்லை. பாட்டின் உச்சம், முடிவில் அடுத்தடுத்து வரும் ‘ஜய ஹே’களில் முதலாவதில் இருக்கிறது. உற்சாகத்தில் மேலே எடுத்துவிட்டால் அங்கே போய்க் கத்தல்தான் மிஞ்சும். முதலில் அந்த ‘ஜய ஹே’யை மட்டும் பாட வைத்து, தொண்டை இறுகாமல் எட்டும் சுருதியைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து தொடக்கத்துக்கு இறங்கி வர வேண்டும். முழுப் பாட்டுக்கு ஏறத்தாழ 52 விநாடி. ஒரு நிமிடத்தைத் தாண்டினால் எங்கோ இழுக்கிறார்கள்.

ஆசிரியர் அறையில் சூடாகும் கேள்வி வேறு. செங்கல் சூளைக்கும் ரோஜாப் பசுங்குடிலுக்கும் வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தப் பாட்டை அதன் தாய்மொழியில் சொல்லித்தரலாமா, அது அவமதிப்பு ஆகாதா? அமெரிக்காவில் 2006இல் ஸ்பானிய மொழியில் அந்நாட்டுப் பண் வெளிவந்தபோது, அதை ஆங்கிலத்தில்தான் பாட வேண்டும் என்றார் அதிபர் புஷ். ஆனால் 1945இல் அமெரிக்க அரசே ஸ்பானிய மொழிபெயர்ப்புக்கு ஏற்பாடு செய்திருந்தது. அதைச் செய்து கொடுத்த க்ளோதில்தே அரியாஸ், பெருவிலிருந்து குடியேறியவர்.

அவ்வளவு தூரம் போவானேன்? கிருஷ்ணகிரிக்கு வடக்கே, எல்லை தாண்டினால் ஆந்திராவில் வரும் மதனப்பள்ளியில் 1919இல் தங்கியிருந்தபோது தாகூரே இந்தப் பாட்டை ஆங்கிலத்தில் பெயர்த்தார். பொருள் புரிய வேண்டும் என்று எழுதியவரே நினைத்திருக்க, நாம் ஏன் தயங்க வேண்டும்?

தமிழர்களுக்கு இது நன்றாகவே வலிக்கும் விஷயம். இலங்கையில் தமிழ் வந்தேறிய மொழி அல்ல, மண்ணின் மொழி. ஆனாலும் 2016இல் கொழும்பில் நடந்த சுதந்திர தின விழாவில் நாட்டுப்பண் தமிழிலும் ஒலித்தபோது மகிழ்ந்தோம், 2020இல் அது சிங்களத்தில் மட்டும் பாடப்பட்டபோது கொதித்தோம். அந்தக் கொதிப்பு நியாயம் என்றால் ஒடியாப் பிள்ளையிடமும் அந்த நியாயத்தோடு நடக்க வேண்டும். காலைக் கூட்டத்தில் மூலப் பாட்டு, எல்லோருக்கும் ஒன்றாக. வகுப்பறையில் பொருள், அவரவர் மொழியில். இதில் எங்கேயும் அவமதிப்பு இல்லை.

செய்வது எளிது. ஒரு அட்டையில் இடப்பக்கம் பாட்டின் அடி, வலப்பக்கம் காலி இடம். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால், எழுதப் படிக்கத் தெரிந்த பெற்றோர் ஒடியாவிலோ இந்தியிலோ பொருள் எழுதித் தருவார்கள். தெரியாதவர்களிடம் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு வாங்கிக்கொள்ளலாம். பிறகு பாட்டை மெதுவாகப் பாடி, தன் ஊர் வரும்போது கை தூக்கச் சொல்ல வேண்டும். ‘திராவிட’வுக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடப் பிள்ளைகள் எல்லோரும் தூக்குவார்கள். ‘உத்கல’வுக்கு ஒடியாப் பிள்ளை. பீகார்ப் பிள்ளை மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அங்கே நிறுத்திவிடக் கூடாது. அடுத்த அடியிலேயே கங்கை வருகிறது.