அப்பாவோட புக்குல கொறஞ்ச மூணு வரி

அப்பா ஆர்மிலேர்ந்து வெளிய வந்தப்ப குடுத்த டிஸ்சார்ஜ் புக்க நான் எப்டியும் நூறு தடவ ஜெராக்ஸ் எடுத்திருப்பேன். கடை நம்மளோடது தான், காவேரிப்பட்டணத்துல ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் அப்ளிகேஷன், காலைல ஒம்போதுலேர்ந்து நைட்டு எட்டு வரைக்கும் இதே பொழப்பு. பேங்க்குக்கு ஒரு காப்பி, ஆஸ்பத்திரிக்கு காட்டற ஈசிஎச்எஸ் கார்டுக்கு ஒரு காப்பி, கேன்டீன் கார்டுக்கு ஒண்ணு, பென்ஷன் ஸ்பர்ஷ்ன்ற ஆன்லைன் முறைக்கு மாறினப்ப பேர்ல ஒரு எழுத்து தப்பா இருக்குன்னு அதுக்கு ஒரு நாலு. கண்ணாடி மேல கவுத்து வெச்சு பட்டன அமுக்குவேன், வெளிய வரும், பின் அடிப்பேன். ஒரு தடவகூட அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சதில்ல, சொல்லவே வெக்கமாத்தான் இருக்கு.

படிக்க வெச்சது 2021 டிசம்பர். 71 பாகிஸ்தான் சண்ட முடிஞ்சு அம்பது வருஷம்னு அப்ப எல்லா ஊர்லயும் விழா எடுத்தாங்க இல்ல, எங்க பக்கத்துலயும் ஒரு மண்டபத்துல பழைய ஆளுங்கள கூப்ட்டு சால்வ போட்டாங்க. மெடல் மாட்டிகினு வாங்கன்னு போன்ல சொல்லியிருந்தாங்க. அப்பா மொத நாளே பீரோவுலேர்ந்து கோட்ட எடுத்து வெயில்ல போட்டு, இருக்கற ரெண்டு மெடலயும் பல்பொடி வெச்சு தேச்சு பளபளன்னு மாட்டிகினு வந்தாரு. அங்க போனா அவரு செட்டு ஆளுங்க பாதி பேரு நெஞ்சுல நட்சத்திரம் தொங்குது, இவருக்கு மட்டும் ரெண்டே ரெண்டு வட்டம். மைக் புடிச்சிருந்த பையன், சின்ன பையன் தான் பாவம், மரியாதையா பேசறதா நெனச்சிகினு "ஐயா நீங்க 71க்கு அப்புறமா சேந்தீங்களா?"ன்னு கேட்டுட்டான். அப்பா "ஆமா தம்பி"ன்னுட்டாரு.

ஆமாவாம்! எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. வண்டில திரும்பி வர்றப்ப "ஏம்பா அப்டி சொன்ன?"ன்னு கேட்டா, "மைக்க புடிச்சு நூறு பேருக்கு முன்னாடி வெளக்கம் சொல்லினு நிக்க சொல்றியா"ன்றாரு. அதோட வீடு வர்ற வரைக்கும் பேச்சே இல்ல.

அன்னிக்கி நைட்டு தான் புக்க படிச்சேன். சேந்தது 1968, வெளிய வந்தது 1985, ரேங்க் நாயக். மெடல் எழுதற எடத்துல ரெண்டு வரி, சைன்ய சேவா மெடல் ஒண்ணு, ஒம்போது வருஷ லாங் சர்வீஸ் மெடல் ஒண்ணு. அதுக்கு கீழ மொத்தமும் காலி.

தெரியாதவங்களுக்கு சொல்றேன், 71ல கெழக்க பங்களாதேஷ் பக்கம் இருந்தவங்களுக்கு பூர்வி ஸ்டார், மேக்க இருந்தவங்களுக்கு பஷ்சிமி ஸ்டார், அது தான் அந்த அஞ்சு முனை நட்சத்திரம். அது இல்லாம சங்க்ராம் மெடல்னு ஒண்ணு, அது சண்ட முடிஞ்சு அடுத்த வருஷம் 1972 டிசம்பர் வரைக்கும் பார்டர்ல இருந்தவங்களையும் சேத்து குடுத்தது. மூணாவது ஒண்ணு இருக்கு, 25-வது சுதந்திர தின மெடல், 1972 ஆகஸ்ட் 15 அன்னிக்கி சர்வீஸ்ல இருந்தா போதும், எந்த ஊர்ல உருளக்கெழங்கு உரிச்சிகினு இருந்தாலும் உண்டு. அப்பாவுக்கு இந்த மூணுமே இல்ல. இதுக்கெல்லாம் பென்ஷன்ல ஒரு ரூபா ஏறாது. வீரதீர செயலுக்கு குடுக்கற சக்ரா மாதிரி மெடலுக்கு தான் பணம். இத ஏன் சொல்றேன்னா, நான் எழுதிப்போட்டேன்னு தெரிஞ்சதும் எங்க தெருவுல எல்லாரும் கேட்ட மொத கேள்வி "எவ்ளோ வரும்?" தான்.

அப்பா இஞ்சினியர்ஸ்ல சாப்பர். ஷகர்கர்னு ஒரு எடம், மேப்புல பஞ்சாப், ஜம்மு ரெண்டுக்கும் நடுவுல பாகிஸ்தான் நெலம் நம்ம பக்கம் நீட்டிகினு இருக்கும், அங்க ரெண்டு பக்கத்துக்காரனும் நெலம் பூரா மைன், அதான் கண்ணிவெடி, பொதச்சி வெச்சிருந்தான். டேங்க் போகணும்னா சாப்பருங்க தான் முன்னாடி போயி பாத எடுக்கணும். டிசம்பர் 17 சண்ட நின்னுச்சு, மத்தவங்களுக்கு முடிஞ்சது, இவங்களுக்கு முடியல. சிம்லா ஒப்பந்தம் போட்டு புடிச்ச எடத்த திருப்பி குடுக்க 1972 டிசம்பர் ஆச்சு, அது வரைக்கும் பொதச்சத தோண்டி எடுக்கற வேலை. இதெல்லாம் எனக்கு நாப்பத்தஞ்சு வயசுல தான் தெரியும். சின்ன வயசுல அவரு சொன்ன ஆர்மி கதையெல்லாம் லங்கர்ல சப்பாத்தி கருகின கத தான்.

ஒண்ணு மட்டும் எப்பவும் பாத்திருக்கேன், காரணம் தெரியாது. மாங்கன்னு நட குழி எடுக்கறப்ப கடப்பாறைய நேரா குத்தவே மாட்டாரு, சாய்ச்சு குத்துவாரு. கூலிக்கு வர்ற ஆளுங்ககூட "என்னா பெரியவரே, பூமிக்கு வலிக்கும்னா?"ன்னு கிண்டல் பண்ணுவாங்க. அன்னிக்கி கேட்டதுக்கு கயித்து கட்டில்லேர்ந்து எறங்கி, எழுவது வயசு தாண்டின மனுஷன், களத்துல வயிறு படிய குப்புற படுத்துட்டாரு. கொடை கம்பி ஒண்ண கையில வாங்கினு, மண்ணுல சாய்வா மெல்ல விட்டாரு, எடுத்தாரு, ரெண்டு வெரல் தள்ளி மறுபடி விட்டாரு. நேரா குத்துனா மைன் மேல இருக்கற மூடில படும், சாய்ச்சு விட்டா பக்கவாட்டுல தட்டும், டொக்குன்னு ஒரு சத்தம் கேக்காது, கையில தெரியும்னாரு. எம்மவ செல்போன எடுத்துனு வந்து வீடியோ எடுக்க ஆரம்பிச்சா, "போம்மா அந்தாண்ட, கோட்டுக்கு உள்ள வராத"ன்னு கத்துனாரு பாருங்க. கோடே இல்ல அங்க. அவரு கண்ணுக்கு வெள்ள டேப்பு கட்டியிருக்கு போல.

சரி, மனு கதைக்கு வர்றேன். மொத மனு நானே அடிச்சேன், நாலு பக்கம். என் தந்தை நாட்டுக்காக உயிரை பணயம் வைத்து அப்டி இப்டின்னு கண்ணீர் வர்ற மாதிரி. அத அனுப்பறதுக்கே ஒரு கூத்து. நாங்க இருக்கறது இப்ப கிருஷ்ணகிரி மாவட்டம், ஆனா அது தனியா பிரிஞ்சது 2004ல. அப்பா சேந்தப்பவும் வெளிய வந்தப்பவும் தர்மபுரி மாவட்டம், புக்குல அதான் இருக்கு. ஒரு ஆபீஸ்ல "உங்க ரெக்கார்டு தர்மபுரி, அங்க போங்க"ன்னாங்க, அங்க போனா "அட்ரஸ் கிருஷ்ணகிரி, அங்க போங்க"ன்னாங்க. ரெண்டு ட்ரிப் அடிச்சிட்டு கடுப்பாயி ரெக்கார்ட்ஸுக்கு, அதான் சிப்பாய்ங்க சர்வீஸ் காயிதமெல்லாம் வெச்சிருக்கற ஆர்மி ஆபீஸுக்கு, நேரா ரிஜிஸ்டர் தபால்ல போட்டேன். மூணு மாசம் கழிச்சு ரெண்டு வரி பதில் வந்துச்சு. இங்குள்ள ஆவணங்களின்படி மேற்படி மெடல்களுக்கான பார்ட் டூ ஆர்டர் எதுவும் இல்லை. முடிஞ்சது.

பார்ட் டூ ஆர்டர்னா என்னன்னு அப்பா தான் சொன்னாரு. ஒரு சிப்பாய்க்கு லீவு, கல்யாணம், புள்ள பொறந்தது, ட்ரான்ஸ்பர், மெடல் எது நடந்தாலும் யூனிட்ல இருக்கற கிளார்க் அத ஒரு ஆர்டரா போடணும், அது ரெக்கார்ட்ஸுக்கு போயி, அவன் சர்வீஸ் பூரா எழுதி வெக்கற ஷீட் ரோல்ல ஏறணும். ஆர்டர் போடலன்னா அது நடக்கவே இல்லன்னு அர்த்தம். நானும் எங்கம்மாவும் ரெக்கார்டுல இருக்கோம்னா அந்த கிளார்க் பாபு புண்ணியம் தான்.

ரெக்கார்ட்ஸ்ல உக்காந்திருக்கற ஆள் மேல எனக்கு கோவம் இல்லீங்க. அவரு முன்னாடி இருக்கற காயிதத்துல இல்லாதத அவரு எப்டி எழுதுவாரு. நான் அடிச்ச நாலு பக்கத்துல அவருக்கு புடிச்சு ஏற ஒரு கயிறு கூட இல்ல, எல்லாம் அழுகாச்சி. இத புரிஞ்சிக்க எனக்கு கொஞ்ச நாள் ஆச்சு.

அப்புறம் பத்து ரூபா போஸ்டல் ஆர்டர் வெச்சு ஆர்டிஐ போட்டேன், அப்பாவோட ஷீட் ரோல் காப்பி வேணும்னு. சொந்த ரெக்கார்டு தானே, அப்பா கையெழுத்துலயே போட்டேன். முப்பது நாள்னு சட்டம், கொஞ்சம் முன்ன பின்ன வந்துச்சு. வந்த காப்பி இருக்கே, ஜெராக்ஸ்காரனுக்கே அழுக வரும், அவ்ளோ வெளிறி போயிருந்துச்சு. பேனா கையெழுத்து, அதுவும் சாஞ்ச இங்கிலீஷ். மிஷின்ல டார்க் ஏத்தி ஏ3 பேப்பர்ல பெருசு பண்ணி பண்ணி பாத்தேன். நாலாவது தடவ பெருசு பண்ணப்ப மூணாவது பக்கத்துல நடுவுல ஒரு வரி தெளிஞ்சு வந்துச்சு. 1971 நவம்பர்ல வேற ஒரு கம்பெனிக்கு, அதாவது ஆர்மிலயே வேற ஒரு பிரிவுக்கு, கொஞ்ச காலம் அனுப்பி வெச்ச அட்டாச்மென்ட். 1973 ஜனவரில திரும்பி வந்துட்டாரு. கடைல ரெண்டு கஸ்டமர் நின்னுகினு இருந்தாங்க, நான் பாட்டுக்கு மிஷின் மேல கைய வெச்சிகினு நின்னுட்டேன்.

அங்க தான் எல்லாம் விட்டுப் போயிருக்கு. அப்பாவோட சொந்த கம்பெனி சண்ட நடந்த எடத்துக்கே வரல, அதனால அவங்க லிஸ்ட்டு போடல. சண்டைக்கு போன கம்பெனில இவரு விருந்தாளி, லிஸ்ட்டு சொந்த கம்பெனி போடும்னு அவங்க விட்டுட்டாங்க. சுதந்திர தின மெடலும் அப்டியே போச்சு. ரெண்டு வீட்டுக்கு பொதுவுல ஒரு மாடு இருந்தா இவன் தண்ணி காட்டுவான்னு அவனும், அவன் காட்டுவான்னு இவனும் இருப்பான் இல்ல, அந்த கத. அப்பா திரும்பி வந்தப்ப பாபுகிட்ட கேட்டிருக்காரு, "வரும் வரும்"னு சொன்னாராம். பன்னெண்டு வருஷம் வரும் வரும்னு இருந்துட்டு வீட்டுக்கு வந்துட்டாரு.

ரெண்டாவது மனு ஒரே பக்கம். ஆர்மி நம்பர், ரேங்க், பேரு, பென்ஷன் ஆர்டரோட பிபிஓ நம்பர். மொத பாயிண்ட்டு பஷ்சிமி ஸ்டார் இல்ல, வேணும்னே சுதந்திர தின மெடல வெச்சேன். நீங்களே குடுத்த புக்குல 1968லேர்ந்து 1985 வரைக்கும் சர்வீஸ்னு இருக்கு, அப்ப 1972 ஆகஸ்ட் 15 இவரு எங்க இருந்தாரு? இதுக்கு இல்லன்னு சொல்லவே முடியாது. அத ஒத்துகிட்டா மெடல் எழுதற எடம் முழுசா இல்லன்னு ஒத்துகிட்டதா ஆயிடும். அதுக்கு அடுத்து ஷீட் ரோல் மூணாவது பக்கம், அந்த வரி, மஞ்ச மார்க்கர். கூடவே பாட்டி ட்ரங்க் பொட்டில கெடந்த, அப்பா அப்ப எழுதின ஒரு இன்லேண்ட் லெட்டர் காப்பி, 56 ஏபிஓன்ற ஆர்மி தபால் அட்ரஸ், ஃபீல்டு போஸ்ட் ஆபீஸ் முத்திர, 1972 ஜனவரி. லெட்டர்ல சண்டைய பத்தி ஒரு வார்த்த இல்ல. கெணத்துல தண்ணி எவ்ளோ இருக்கு, செவப்பி கன்னு போட்டுச்சா, கேவுரு அறுத்தாச்சா. தெரிஞ்ச வக்கீல் ஒருத்தரு சென்னைல ஆயுதப்படை தீர்ப்பாயம் இருக்கு, நேரா அங்க போட்டுடலாம்னாரு. அப்பா "நம்ம ஆளுங்க மேல நானே கேஸ் போடணுமா"ன்னு மொறச்சாரு, விட்டுட்டேன்.

2023 மழக்காலத்துல தபால்காரரு கடைக்கே கொண்டாந்து குடுத்தாரு. 25-வது சுதந்திர தின மெடலும் சங்க்ராம் மெடலும் ரெக்கார்டுல ஏத்தியாச்சு. பஷ்சிமி ஸ்டாருக்கு அட்டாச்சு ஆன கம்பெனி ஆவணத்தோட சரி பாக்கணும், பாத்துனு இருக்கோம்னு. இன்னும் பாத்துனு தான் இருக்காங்க, நானும் ஆறு மாசத்துக்கு ஒரு லெட்டர் போட்டுனு தான் இருக்கேன்.

மெடல் கைக்கு வரல. அது தனி கியூ. ஆர்மில மெடல் பாக்கி பெரிய கதை, சர்வீஸ்ல இருக்கற பசங்களே கடைல டூப்ளிகேட் வாங்கி மாட்டிக்கறாங்க. நானும் பெங்களூர் போறப்ப ரெண்டு வாங்கியாரவான்னு கேட்டேன். அப்பா உள்ள போயி அந்த ஒம்போது வருஷ மெடல எடுத்துனு வந்து வெளிம்ப காட்னாரு. என் கண்ணுக்கு தெரியல, கடைலேர்ந்து லென்ஸ் எடுத்துனு வந்து பாத்தா சுத்தி பொடி எழுத்துல நம்பர், ரேங்க், பேரு வெட்டியிருக்கு. "கடைக்காரன் இத போட்டு தருவானா?"ன்னாரு. அவரு கேட்டா போட்டும் தருவான், ஆனா நான் அத சொல்லல.

ரெக்கார்ட்ஸ்லேர்ந்து வந்த லெட்டர மூக்கு கண்ணாடி போட்டு நாலு தடவ படிச்சாரு, லேமினேஷன் போடவான்னா வேணாம்னாரு. அப்புறம் நிப்பட்டு ஒண்ண ஒடச்சு வாயில போட்டுகினு, "ஆறு பேரு போனோம்டா"ன்னாரு.

எனக்கு மொதல்ல வெளங்கல. அட்டாச்மென்ட்ல அந்த கம்பெனிக்கு போனது ஆறு பேரு. அப்ப ஆறு பேருக்கும் தான் விட்டுப் போயிருக்கும். ஒருத்தரு கோலார் பக்கம், போன்ல கெடச்சாரு, காது கேக்கல, அவரு பேரன் பேசினான், புக்க வாட்ஸப்ல அனுப்பறேன்னான், அனுப்பிட்டான், அதுலயும் காலி. ரெண்டு பேரு எங்க இருக்காங்கன்னே தெரியல. ஒருத்தரு குடும்பம் ஊர விட்டே போயிடுச்சாம். அஞ்சாவது ஆளு போச்சம்பள்ளி தாண்டி ஒரு கிராமம், செத்து பத்து வருஷம் ஆச்சு.

அவரு சம்சாரம் போன செவ்வாக்கெழம கடைக்கு வந்துச்சு, சந்தைக்கு வந்த கையோட. மஞ்ச பையில துணி சுத்தி டிஸ்சார்ஜ் புக். பிரிச்சா பொலபொலன்னு மண்ணு கொட்டுது, கரையான். மெடல் பக்கம் இல்ல, சர்வீஸ் பக்கம் பாதி இல்ல. "இத வெச்சு ஆவுமா சாமி? எங்கூட்டுக்காரு சண்டைக்கு போனேன்னு சொன்னா இந்த ஊர்ல ஒருத்தரும் நம்பல"ன்னு கேட்டுச்சு அந்தம்மா. அப்பா கடைல தான் உக்காந்திருந்தாரு. புக்க வாங்கி மண்ண ஊதி மொத பக்கத்த தெருப்பக்கம் வெளிச்சத்துல காட்னாரு. ஆர்மி நம்பர் முழுசா இருக்கு.

"மூணாவது பக்கம்னு சொல்லி எழுதுடா. எனக்கு எழுதுன அதே மாதிரி"ன்னாரு. பத்து ரூபா போஸ்டல் ஆர்டர் நாளைக்கு காலைல வாங்கணும்.