பாலிஷ் போட்டும் மங்கலா? ஆட்டோ பாடி பெயின்டிங் பிராக்டிகல் எழுதப் போகிறவர்களுக்கு

ஐடிஐ ரிசல்ட் வந்துவிட்டது, நான் பாஸ். தியரியைப் பற்றி அதிகம் கேட்காதீர்கள், 33 சதவீதம் போதும். பிராக்டிகலுக்குத்தான் 60 வேண்டும். எங்கள் பேட்சில் நல்ல கைவேலைக்காரப் பையன்களே அங்கேதான் சறுக்கினார்கள். லப்பம், பிரைமர், மாஸ்கிங் எல்லாம் சுத்தமாக வந்த பேனல், கடைசியில் பஃப் (மிஷின் பாலிஷ்) அடித்த பிறகு வெளுத்துப்போய் நிற்கும். அதனால் இங்கே மங்கலைப் பற்றி மட்டும்தான் சொல்லப் போகிறேன்.

என்னைக் கரை சேர்த்தது ஒரே பழக்கம். ஒவ்வொரு வாட்டர் பேப்பருக்கும் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், எண் கூடக் கூட நைஸ்) தேய்க்கும் திசையை மாற்றிவிடுவேன். 1500 குறுக்காக, 2000 நெடுக்காக, 3000 சாய்வாக. 2000-ல் தேய்க்கும்போது குறுக்குக் கோடுகள் முழுவதும் மறையும் வரை அடுத்த பேப்பரை எடுப்பதில்லை. கடைசியில் ஏதாவது தெரிந்தாலும் அது எந்த பேப்பரின் கீறல் என்று கோட்டின் திசையே சொல்லிவிடும். சுற்றிச் சுற்றித் தேய்த்தால் எதுவும் தெரியாது. நான் மெதுவான ஆள், எனக்கு இது பொருந்தியது. வேகமாகச் செய்கிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

பாலிஷ் முடிந்ததும் மங்கலாக இருந்தால் உடனே காம்பவுண்டை (கீறலை வெட்டி எடுக்கும் கரகரப்பான பேஸ்ட்) அப்பி மிஷினை அழுத்தாதீர்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடையுங்கள். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறல்களை நிரப்பி மறைத்திருக்கும். துடைத்த பிறகு தெரிவதுதான் உண்மை நிலவரம். அப்புறம் ஒரு எல்இடி டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். டியூப்லைட்டை நம்பவே நம்பாதீர்கள்.

நேர்கோடுகள் தெரிந்தால் அது பேப்பர் கீறல். ஃபைன் பாலிஷ் போட்டு அதைப் போக்க முடியாது. 3000-ஐ ஈரத்தில் ஓட்டி மறுபடி காம்பவுண்ட்.

டார்ச்சை நகர்த்தும்போது கூடவே வட்டமாகப் பளபளப்பு ஓடினால் அது கம்பளி பேட் விட்ட தடம். மென்மையான நுரை பேட், ஃபைன் பாலிஷ், குறைந்த வேகம் போதும், கை பாரம் வேண்டாம். எங்கள் நிலையத்தில் நுரை பேட் இருந்தது, பீரோவுக்குள் பூட்டியபடி. மொத்த பேட்சுக்கும் காம்பவுண்ட் காய்ந்து கல்லான ஒரே ஒரு கம்பளி பேட்! சொந்த பேட் கொண்டுவரலாமா என்று தேர்வுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கோடே இல்லாமல் பளபளப்பு மட்டும் செத்திருந்தால், பெரும்பாலும் கிளியர் கோட் (நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பூச்சு) இன்னும் காயவில்லை. உள்ளே மாட்டிய தின்னர் மெல்ல வெளியேறி மேற்பரப்பை அமுக்கிவிடும். உடனே பாலிஷ் போட்டால் அன்று பளிச்சென்று வரும், மறுநாள் மீண்டும் மங்கும். ஹார்டனர் (கிளியரை இறுக வைக்கக் கலப்பது) அளவு தவறினாலோ, கோட்டுக்குக் கோட்டு இடைவெளி விடாமல் தடிமனாக அடித்தாலோ இப்படித்தான் ஆகும். முழுசாகக் காயும் வரை காத்திருந்து மறுபடி பாலிஷ் போடுவதைத் தவிர இதற்கு வைத்தியம் இல்லை.

சில்லறை விஷயங்கள்:

- விளிம்புகளில் டேப் ஒட்டிவிட்டு பஃப் அடியுங்கள். அங்கே கிளியர் மெல்லியது, வெட்டுப்பட்டால் திரும்ப ஸ்ப்ரேதான்.
- தேய்க்கும் தண்ணீரில் சில சொட்டு சோப்பு. பேப்பரை அடிக்கடி அலசுங்கள்.
- காம்பவுண்டுக்கு ஒரு பேட், பாலிஷுக்கு வேறு பேட். மைக்ரோஃபைபர் துணி கீழே விழுந்தால் அதைத் தொடாதீர்கள்.
- ஆல்கஹால் துடைப்பு முடியும் வரை வேக்ஸ் பக்கமே போகக் கூடாது.
- கிளியர் மொத்தமே சுமார் 50 மைக்ரான்தான். ஒவ்வொரு முறை பின்வாங்கித் தேய்க்கும்போதும் அதிலிருந்துதான் கரையும்.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கறுப்பு எடுக்காதீர்கள். பளபளப்பில் அசத்தலாம் என்று தோன்றும், ஆனால் வெள்ளையிலோ சில்வரிலோ கண்ணில் படாத தடம்கூட கறுப்பில் பத்தடி தூரத்திலிருந்தே தெரியும்.