விஷம் இறங்கிய பிறகு

அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலத் துறையில் செவிலியராக இருக்கிறேன். போதை மீட்பு வார்டுக்கு மகனையோ கணவரையோ அழைத்து வருபவர்கள், சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போதே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "உடம்புல இருக்குற விஷமெல்லாம் எறங்க எத்தனை நாளாகும் சிஸ்டர்?" சில நாட்கள் போதும் என்பதுதான் உண்மையான பதில். ஆனால் அந்தப் பதிலோடு நிறுத்திக்கொண்டால், அடுத்து வரப்போகும் மாதங்களுக்கு அந்தக் குடும்பத்தை நாங்கள் தயார்ப்படுத்தவே இல்லை என்றாகிவிடும். ஏனெனில் போதைப்பொருள் உடம்பை விட்டுப் போன பிறகும், அது மூளையில் செய்துவைத்த மாற்றங்கள் நெடுநாள் அங்கேயே இருக்கின்றன.

எங்கள் வார்டில் நெடுங்காலம் குடிநோயாளிகளே பெரும்பான்மை. அண்மை ஆண்டுகளில் இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள் வலி மாத்திரைப் பழக்கத்தோடு வரத் தொடங்கியிருக்கிறார்கள். டிரமடால் என்ற வலி மாத்திரை 2018-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. இப்போது வருபவர்கள் பெரும்பாலும் சொல்லும் பெயர் டபென்டடால். கடும் வலிக்காகக் கொடுக்கப்படும் இந்த மாத்திரை, மார்ஃபினும் ஹெராயினும் மூளையில் போய் ஒட்டிக்கொள்ளும் அதே இடங்களில்தான், அதாவது அதே ஏற்பிகளில்தான் செயல்படுகிறது. விழுங்குவதற்கென்று செய்யப்பட்ட மாத்திரையைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அதில் சேர்க்கப்பட்டிருக்கும் டால்க் போன்ற பொருட்கள் நீரில் கரையாமல் இரத்தக் குழாய்களை அடைத்துப் புண்ணாக்குகின்றன. இப்படி வந்த ஓர் இளைஞருக்கு இரத்தம் எடுக்க நரம்பு தேடினேன். இரண்டு முழங்கை மடிப்புகளிலும் நரம்பு தடித்து இறுகி, விரலால் அழுத்தினாலும் அமுங்காத கயிறாகக் கிடந்தது. கடைசியில் அவரே புறங்கையைத் திருப்பிக் காட்டினார்: "இதுல கெடைக்கும்க்கா, இத இன்னும் நான் தொடல."

அவர் தொடங்கியது நண்பர்கள் கொடுத்த ஒரே ஒரு மாத்திரையில். முதல் சில வாரங்கள் சுகம் இருந்தது. பிறகு அதே சுகத்துக்கு இரண்டு தேவைப்பட்டது, மூன்று தேவைப்பட்டது. தொடர்ந்து தூண்டப்படும் ஏற்பிகள் மெல்ல மெல்ல மந்தமாகிவிடுவதே இதற்குக் காரணம். இன்னொரு மாற்றமும் உள்ளே நடக்கிறது. மூளைத் தண்டில், உடம்பை உசுப்பிவிடும் நோரட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் ஒரு சிறு நரம்பணுத் தொகுப்பை இவ்வகை மருந்துகள் அடக்கி வைக்கின்றன. அந்த அடக்குமுறைக்கு ஈடுகொடுக்க அந்த அணுக்கள் வழக்கத்தை விடக் கடுமையாக உழைக்கப் பழகிக்கொள்கின்றன. மருந்து திடீரென்று நின்றதும் அந்த வேகத்தைத் தடுக்க எதுவும் இல்லாமல் போகிறது. கொட்டாவி, மூக்கொழுகல், விரிந்த கண்மணி, வயிற்றைப் பிசையும் வலி, பேதி, தூக்கமின்மை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. மே மாத வெயிலில், மின்விசிறியையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, போர்வைக்குள் மயிர்க்கூச்செறிந்து சுருண்டு கிடந்த அந்த இளைஞர் சொன்னார்: "சொகத்துக்குப் போட்டதெல்லாம் எப்பவோ போச்சுக்கா. காலைல எந்திரிச்சு நிக்கணும்னாலே அது வேணும்." போதைச் சார்பு என்பதை விளக்க இதைவிடத் தெளிவான சொற்களை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கேட்டதில்லை.

இந்த வேதனை இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தை அடைந்து, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தணிந்துவிடும். உயிருக்கு ஆபத்தாவது அரிது. (குடியை நிறுத்துவது அப்படியில்லை. நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிரே போகலாம். ஆகவே அவரை வீட்டு அறையில் பூட்டிவைத்துத் திருத்த யாரும் முயல வேண்டாம்.) முகம் தெளிந்து, பசியெடுத்துச் சாப்பிடத் தொடங்கியதும், பிள்ளை குணமாகிவிட்டான் என்று பெற்றோர் நம்பிவிடுகிறார்கள்.

ஆனால் வார்டில் போதைத் தேடலே இல்லாமல் இருப்பவருக்கு, வழக்கமாக மாத்திரை வாங்கிய தெருமுனையைக் கடக்கும்போது உள்ளங்கை வியர்க்கிறது. எந்த இடம், எந்த நண்பர், எந்த நேரம் என்பதையெல்லாம் மூளை மருந்தோடு சேர்த்துக் கற்றுவைத்திருக்கிறது. வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கப் படைவீரர்களை 1970-களில் லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் ஆராய்ந்தபோது, ஊர் திரும்பிய முதல் ஆண்டில் அவர்களில் மிகச் சிலரே மீண்டும் அடிமையானது தெரியவந்தது. பழக்கம் வேரூன்றிய சூழல் அவர்களுக்குப் பின்னால் போய்விட்டிருந்தது. எங்கள் நோயாளிகளோ அதே தெருவுக்கும் அதே நண்பர்களுக்கும் நடுவில்தான் திரும்பிப் போகிறார்கள். மன உறுதி இல்லாதவன் என்று அவர்களைத் திட்டுவதில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை.

வீடு திரும்பும் நாளில் நான் மறக்காமல் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு. சில வாரங்கள் நிறுத்தியிருந்ததில் உடம்பு தன் தாங்குதிறனை இழந்திருக்கும். பழைய நினைப்பில் பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடக்கூடும். மருத்துவர் எழுதிக் கொடுக்கும் புப்ரெனார்ஃபினைத் தொடர்ந்து எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. அது அதே ஏற்பிகளைப் பகுதியளவு மட்டும் தூண்டி, தேடலையும் நடுக்கத்தையும் தணிக்கிறது. "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று கேட்டு, வீட்டார் பாதியிலேயே நிறுத்திவிடுவதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. சர்க்கரை நோயாளியின் இன்சுலினை யாரும் அப்படிப் பிடுங்கிக்கொள்வதில்லை.

போலீஸ் வழக்கு வரும் என்று அஞ்சி வராமலிருப்பவர்களும் பலர். சிறிய அளவு வைத்திருந்ததாகவோ பயன்படுத்தியதாகவோ குற்றம்சாட்டப்பட்டவர், தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் முழுச் சிகிச்சை எடுத்துக்கொண்டால், வழக்கிலிருந்து விலக்களிக்கப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவே வழி செய்திருக்கிறது. வந்து சேர்ந்தவர்களுக்கு வேறொரு இடையூறு. எங்களிடம் வரும் இளைஞர்களில் பலர் பெயிண்ட் அடிப்பவர்கள், சுமை தூக்குபவர்கள், டெலிவரி வேலை பார்ப்பவர்கள். காலை நேரப் புறநோயாளிப் பிரிவுக்கு வந்து வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். ஆகவே இரண்டு முறை வருகிறார்கள், மூன்றாம் முறை வருவதில்லை. மாதக்கணக்கில் தொடர வேண்டிய சிகிச்சைக்கு, வேலை முடிந்து வரக்கூடிய மாலை நேரப் பிரிவு ஒன்று மாவட்டந்தோறும் வேண்டும்.